தேதிக்கு ஓர் அதிகாரம்

புவிசார் குறியீடு பெற்ற சோழவந்தான் வெற்றிலையை யாரும் அவசரமாக விழுங்குவதில்லை; மென்றால்தான் சாறு இறங்கும். வேத வாசிப்பும் அப்படித்தான். ஒரே வருஷத்தில் முழு பைபிளையும் முடிக்க ஜனவரியில் கிளம்பி, லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் அதிகம். முதலில் நீதிமொழிகளை எடுங்கள். 31 அதிகாரம், தேதிக்கு ஒன்று. ஒரு நாள் தவறினால் விட்டதைத் துரத்த வேண்டாம். அன்றைய தேதிக்கே வந்துவிடுங்கள். அடுத்து மாற்கு, 16 அதிகாரம்தான்.

வாய்விட்டு வாசியுங்கள். மனதில் தைத்த ஒரு வசனத்தை, கிழித்த தினசரி காலண்டர் தாளின் பின்புறம் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். மதுரைக்கு ரயிலில் போகும்போது எடுத்துப் பார்த்து, உங்களையே கேளுங்கள்: 'இன்று யாரிடம் நான் பேசும் பேச்சை இது மாற்ற வேண்டும்?' என்னைக் கேட்டால், வாசிப்பைவிட இந்தக் கேள்விதான் முக்கியம்.

அடுப்பில் பால் காயும் நேரம் போதும். இன்று தேதி என்ன? அந்த அதிகாரத்தைத் திறங்கள்.