மண்டபத்தின் சாவி யாரிடம்?

ஜொகூர் மாநிலத்தின் பல குடியிருப்புப் பகுதிகளில், திடலின் ஓரமாக ஒரு மண்டபம் இருப்பதைக் காணலாம். கூரையில் சுழலும் மின்விசிறிகள், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஓர் அறிவிப்புப் பலகை; அவ்வளவுதான். ‘பாலாய் ராயா’ என்றும் ‘தேவான்’ என்றும் மக்கள் அதனை அழைக்கின்றனர். தமிழில் சமூக மண்டபம் என்பர். பெயர்கூடத் தெரியாமல் அருகருகே வாழும் குடும்பங்களை ஒருவரையொருவர் அறிந்த அண்டை வீட்டாராக மாற்றும் வேலை இந்த எளிய கட்டடத்திற்கு உண்டு. அவ்வேலை எளிதன்று.

ஒரு காலத்தில் ஜொகூர்த் தமிழருள் பெரும்பாலோர் தோட்டங்களில் வாழ்ந்தனர். லாபிஸ், குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. லயத்து வீடுகள், கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகியவை கூப்பிடு தூரத்தில் இருந்தன. விடியற்காலையில் பெரட்டுக்குக் கூடியவர்களே மாலையில் திடலிலும் கூடினர். அங்கே யாரும் யாருக்கும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. ஆயினும், தோட்டத்து ஒற்றுமையை மிகைப்படுத்திப் பேசுவதும் சரியன்று. வறுமையும் கள்ளுக்கடையும் அங்கே இருந்தன. பிற இனத்தாரோடு பழகும் வாய்ப்போ மிகக் குறைவு.

பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மக்கள் மாசாய், ஸ்கூடாய், பாசிர் கூடாங், ஜொகூர் பாரு ஆகிய இடங்களின் வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தனர். புதிய வேலையும் வசதிகளும் கிடைத்தன. ஆனால், பக்கத்து வீட்டில் வாழ்பவர் யார் என்பது தெரியவில்லை. ஜொகூர் பாருவில் இந்நிலை இன்னும் கடுமையானது. பலர் விடிவதற்குமுன் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பிறகே வீடு திரும்புகின்றனர். இவர்களுக்கு அண்டை வீட்டாரின் முகத்தைப் பார்க்கும் நேரமே வார இறுதியில்தான் வாய்க்கிறது.

மலேசியாவில் அக்கம்பக்கத்தாரை ஒன்றிணைக்கும் முயற்சியை அரசாங்கம் 1975ஆம் ஆண்டு தொடங்கியது. அவ்வாண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக், கோலாலம்பூரின் கம்போங் காசிப்பிள்ளையில் ‘ருக்குன் தெத்தாங்கா’ திட்டத்தைத் தொடக்கி வைத்தார். தமிழ்ப் பெயர் தாங்கிய ஒரு குடியிருப்பில் இத்திட்டம் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1969ஆம் ஆண்டுக் கலவரத்தின் காயம் அப்போது முழுமையாக ஆறவில்லை; நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய அச்சமும் நிலவியது. ஆகவே, முதலில் இத்திட்டத்தின் முதன்மைப் பணி இரவுக் காவலாகவே இருந்தது. குடியிருப்பாளர்கள் முறை வைத்துச் சுற்றி வந்தனர்.

காவலுக்காக ஏற்பட்ட ஏற்பாடு வேறொரு பயனையும் தந்தது. மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் ஒரே கைவிளக்கைப் பகிர்ந்துகொண்டு ஓர் இரவில் சில மணி நேரம் சேர்ந்து நடக்கும்போது, பேசாமல் இருக்க முடியாதல்லவா? பிள்ளைகளின் படிப்பு, வேலை, ஊர், விலைவாசி எனப் பேச்சு வளரும். 1980களில் திட்டத்தின் கவனம் காவலிலிருந்து நல்லுறவை வளர்ப்பதை நோக்கித் திரும்பியது. 2012ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. விளையாட்டுப் போட்டி, துப்புரவுப் பணி, திறந்த இல்ல உபசரிப்பு, பாலர் பள்ளி எனப் பல நடவடிக்கைகள் இன்று இதன் கீழ் நடைபெறுகின்றன.

அண்டை வீட்டாரின் அருமை ஜொகூர் மக்களுக்கு வெள்ளக் காலத்தில் நன்கு புரிந்தது. 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் பெருவெள்ளம் இரு முறை வந்தது. கோத்தா திங்கி நகரம் இரண்டு முறையும் மூழ்கியது. முதல் வெள்ளத்தின் சேற்றைக் கழுவி முடித்தவர்கள் மீண்டும் வீட்டை விட்டு ஓட நேர்ந்தது. மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் இடம்பெயர்ந்தனர். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிகாமட், குளுவாங், பத்து பகாட் மாவட்டங்களில் மீண்டும் வெள்ளம் புகுந்தது. 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களில் தங்கினர். பத்து பகாட்டில் நீர் வடியாததால் சிலர் வாரக்கணக்கில் அங்கேயே இருந்தனர்.

பள்ளிகளும் சமூக மண்டபங்களுமே அந்த மையங்களாயின. நேற்றுவரை பூப்பந்து ஆடிய இடத்தில் பாய்களும் கூடாரங்களும் வரிசையாகின்றன. எந்த வீட்டில் நடக்க இயலாத முதியவர் இருக்கிறார், யாருக்கு நாள்தோறும் மருந்து வேண்டும், சைவ உணவு உண்பவர் யார், கைக்குழந்தையோடு இருப்பவர் யார் என்பனவற்றை வெளியூரிலிருந்து வரும் அதிகாரி உடனே அறிய முடியாது. அத்தெருவில் பழகியவர் அறிவார். படகு வந்து சேரும்போது முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று சொல்லக்கூடியவரும் அவரே. இப்பழக்கத்தை வெள்ளம் வந்த பிறகு உண்டாக்க முடியாது.

எனினும், மண்டபம் இருப்பதாலேயே மக்கள் கூடிவிடுவதில்லை. சில மண்டபங்கள் திருமணம், பிறந்தநாள் விழா ஆகியவற்றுக்கு வாடகைக்கு விடப்படுவதோடு சரி. மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. சாவி ஒருவரிடம் இருக்கும். அவர் ஊரில் இல்லையென்றால் இளைஞர்கள் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில், 1960ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் அமைக்கப்பட்ட மக்கள் கழகம் சமூக மன்றங்களை நடத்துகிறது. அங்கே முழுநேர ஊழியர்கள் உள்ளனர். ஜொகூரில் ருக்குன் தெத்தாங்கா செயற்குழுவினர் தொண்டர்கள். பகலில் தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உழைத்துவிட்டு, இரவில் கூட்டம் நடத்துகின்றனர். அவர்களிடம் அளவுக்கு மீறி எதிர்பார்ப்பது நியாயமாகாது.

செயற்குழுவில் இளைஞர்களையும் பெண்களையும் எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்டால் சுமை பரவலாகிறது. மாலையில் மாணவர்க்கு வீட்டுப்பாட நேரம், காலையில் முதியோர் உடற்பயிற்சி, வார இறுதியில் சமையல் வகுப்பு எனப் பிரித்துக்கொண்டால், சாவியும் பல கைகளுக்கு மாறுகிறது. வாகனம் நிறுத்துவது, நாய் குரைப்பது, விழாக்கால இரைச்சல் போன்ற சிறு பூசல்களும் இங்கேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. ஒற்றுமைத் துறை பயிற்சியளித்த சமூக நடுவர்கள் சில வட்டாரங்களில் இரு தரப்பினரையும் மண்டபத்து மேசைக்கு அழைத்து உட்கார வைக்கின்றனர். காவல் நிலையம் வரை செல்லக்கூடிய ஒரு புகார், அங்கே ஒரு குவளைத் தேநீருடன் முடிந்துவிடுவதுண்டு.