வரப்போரத்து வெட்பாலை: இனம் காண்பதும் காப்பதும்

மானாவாரி நிலத்தின் வரப்பிலும், ஓடைக்கரையிலும், கரட்டு அடிவாரத்திலும் எவரும் நடாமலே முளைத்து நிற்கும் சிறு மரம் வெட்பாலை. சில ஊர்களில் வெப்பாலை என்றும் சொல்வார்கள். பெரிய நிழல் தராது. தின்னப் பழமும் தராது. ஆகவே வரப்பைத் திருத்தும்போது முதலில் கோடரி விழுவது பெரும்பாலும் இதன் மேல்தான். வெட்டியது அடுப்புக்குப் போய்விடுகிறது.

ஆனால் இது விறகுக்கு மட்டுமே ஆன மரமல்ல. பொம்மைக் கடைசலுக்கு இதன் கட்டையைத் தேடி வாங்குவோர் உண்டு. இதன் இலை சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்கான தைலத்தில் சேருகிறது. இன்னொரு விஷயமும் உண்டு. வேறொரு பாலை மரம் என்று எண்ணி இதன் பட்டையை உரித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். அதனால் மரமும் சாகிறது, மருந்தும் கெடுகிறது. எனவே தம் நிலத்தில் நிற்பது எந்தப் பாலை என்பதை விவசாயி அறிந்திருப்பது அவசியம்.

வளரும் இடம்

வெட்பாலை வறண்ட இலையுதிர் காடுகளுக்கும் முட்புதர்க் காடுகளுக்கும் உரிய மரம். தீபகற்ப இந்தியா முழுவதும் பரவியுள்ளது. தமிழ்நாட்டில் ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளின் அடிவாரங்களிலும், தனித்து நிற்கும் பாறைக் குன்றுகளிலும் இதைக் காணலாம். கல்லும் சரளையும் கலந்த, மேல்மண் குறைந்த சரிவுகளிலும் பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் நிலம் இதற்கு ஏற்றதல்ல.

கோடையில் தாக்குப்பிடிப்பதற்கு இம்மரம் கையாளும் வழி, இலையை உதிர்த்துவிடுவதே. பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும்போது இலைகள் கொட்டிவிடும். இலை வழியாக நீர் ஆவியாவது இதனால் நின்றுபோகிறது. பிறகு புதுத்தளிரும் பூவும் வரும்.

தாவர இயல்பு

இதன் தாவரவியல் பெயர் ரைட்டியா டிங்டோரியா. அலரிக் குடும்பத்தைச் சேர்ந்தது. சாதாரணமாக 15 முதல் 30 அடி உயரம் வளரும். பட்டை வெளிர் சாம்பல் நிறமாகவும், ஓரளவு வழவழப்பாகவும் இருக்கும். இலையைக் கிள்ளினாலும் பட்டையைக் கீறினாலும் வெண்ணிறப் பால் வடியும்.

இலைகள் கிளையின் இருபுறமும் எதிரெதிரே ஜோடியாக அமைந்திருக்கும். நீளம் 3 முதல் 6 அங்குலம், நுனி கூர்மையானது, காம்பு மிகக் குட்டையானது. பறித்த இலை காயும்போது கருநீலமாக மாறும். நீலச்சாயம் தரும் பொருள் இலையில் இருப்பதே இதற்குக் காரணம். டிங்டோரியா என்ற பெயருக்குச் சாயம் தருவது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் பணியாற்றிய தாவரவியலார் வில்லியம் ராக்ஸ்பரோ, இவ்விலையிலிருந்து நீலம் எடுப்பதைப் பற்றி ஆராய்ந்து எழுதியுள்ளார். 1897இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்த பின்னர் இத்தகைய சாயங்களுக்கு மதிப்புக் குறைந்தது.

பங்குனி முதல் வைகாசி வரை பூக்கும் காலம். கிளை நுனிகளில் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும். பூவுக்கு ஐந்து இதழ்கள். நல்ல மணம் உண்டு. பூவின் நடுவே வெண்ணிற இழைகள் குஞ்சம் போல் சூழ்ந்திருக்கும். அவற்றின் நடுவில் மகரந்தப் பைகள் ஒன்றுசேர்ந்து கூம்பாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு பூவிலிருந்து இரண்டு காய்கள் உண்டாகும். பென்சில் பருமனில், ஓர் அடி அளவுக்கு நீண்டு தொங்கும். இளங்காய்களின் நுனிகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும்; முற்றும்போது பிரியும். நற்றிணைப் பாடல் ஒன்று பாலையின் காயைக் கொல்லர் குறட்டுக்கு ஒப்பிடுகிறது. அங்கே சொல்லப்படும் பாலை இந்த வெட்பாலையே என்பது அறிஞர் பலரின் கருத்து. காயைக் கையில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அந்த உவமையின் பொருத்தம் விளங்கும்.

குடசப்பாலையிலிருந்து வேறுபடுத்துவது

குடசப்பாலையும் அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மரமே. அதற்கும் வெள்ளைப் பூ, பால், இரட்டைக் காய் எல்லாம் உண்டு. அதன் பட்டையும் விதையும் சீதபேதிக்கு மருந்தாகப் பயன்படுகின்றன. கடைச்சரக்கில் இரு மரங்களின் விதையும் பட்டையும் கலந்துவிடுவது பழைய குறை. குடசப்பாலைக்குப் பதிலாக வெட்பாலைப் பட்டையைச் சேர்த்தால், நோயாளிக்கு அதே பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கீழ்க்கண்ட அடையாளங்களைக் கொண்டு இரண்டையும் பிரித்தறியலாம்.

1. காய்: வெட்பாலையின் இளங்காய்கள் நுனியில் ஒட்டியிருக்கும். குடசப்பாலையின் காய்கள் தொடக்கம் முதலே தனித்தனியாக இருக்கும்.

2. பூ: வெட்பாலைப் பூவின் நடுவே குஞ்சமும், வெளியே நீட்டிய கூம்பும் தெரியும். குடசப்பாலைப் பூவில் குஞ்சம் இல்லை. மகரந்தப் பைகள் குழலுக்குள் மறைந்திருக்கும்.

3. விதை: இரண்டிலும் விதைக்குப் பஞ்சு உண்டு. காயைப் பிளந்து பார்த்தால், வெட்பாலையில் பஞ்சு காம்புப் பக்கம் நோக்கியிருக்கும். குடசப்பாலையில் காயின் நுனிப் பக்கம் நோக்கியிருக்கும்.

4. இலை: குடசப்பாலை இலை பொதுவாக அதிக நீளமும் அகலமும் கொண்டது. உலரும்போது கருநீலமாவது வெட்பாலை இலையின் அடையாளம்.

ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், இரண்டு மூன்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

பட்டை கேட்டு வருபவர்கள் மரத்தைச் சுற்றி உரித்தெடுக்க விவசாயி இடம் தரக் கூடாது. இலையில் உண்டாகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் பட்டை போய்விட்டால் வேர் பட்டினி கிடந்து மரம் பட்டுப்போகும். காப்புக் காட்டில் உரிமமின்றி மரம் வெட்டுவதும் பட்டை உரிப்பதும் குற்றமாகும்.

பயன்கள்

வெட்பாலைக் கட்டை யானைத் தந்தம் போல் வெண்மையானது, இழை நெருக்கமானது. மலையாளத்தில் இதற்குத் தந்தப்பாலை என்றே பெயர். கடைசல் உளிக்கு இணங்கி வரும். அரக்குச் சாயம் இதன்மீது நன்றாகப் பிடிக்கும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணம் பொம்மைகளுக்கும், ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்க பொம்மைகளுக்கும் இதுவே பரம்பரையாகப் பயன்பட்டுவரும் மரம். கடைசலுக்கு மிகப் பெரிய அடிமரம் தேவையில்லை. நேரான, கணுக் குறைந்த நடுத்தரக் கட்டையே போதும். வெட்டிய கட்டையை ஈரத்தில் போட்டுவைத்தால் பூஞ்சாணம் பிடித்து வெண்மை கெடும். காற்றோட்டமான நிழலில் அடுக்கி உலர்த்த வேண்டும்.

இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவிட்டு வெயிலில் வைத்தால், எண்ணெய் கருஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம் கொள்ளும். சித்த மருத்துவர்கள் இதைக் காளாஞ்சகப்படைக்கு மேற்பூச்சாகக் கொடுக்கிறார்கள். நோயைத் தாமே முடிவு செய்து பூசிக்கொள்வதைவிட மருத்துவரிடம் காட்டுவதே சரி. பாலையோ பட்டையையோ உள்ளுக்குச் சாப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

வளர்ப்பும் வெட்டும்

காய்கள் பழுப்பு நிறமாகி வெடிக்குமுன் பறிக்க வேண்டும். வெடித்துவிட்டால் விதை பஞ்சோடு பறந்துவிடும். பறித்த காய்களை மெல்லிய துணியால் மூடி உலர்த்தினால் விதை சிதறாது. பஞ்சை நீக்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து விதைக்கலாம். அந்த ஆண்டு விதையை அந்த ஆண்டே போடுவது நல்லது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்த பாலிதீன் பைகளில் சித்திரையில் விதைத்தால், ஐப்பசி மழையில் நடக் கன்று தயாராகும். ஒன்றரை அடிக் குழி எடுத்து, வரப்பில் 10 முதல் 12 அடி இடைவெளியில் நடலாம். முதல் கோடையில் மட்டும் உயிர்த்தண்ணீர் விட்டுக் காக்க வேண்டும்.

வளர்ந்த மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டை தழைக்கும். வேரிலிருந்தும் கன்றுகள் கிளம்பும். ஆகவே வேரோடு பறிக்காமல், தரைக்கு அரை அடி மேலே, நீர் வழியும்படி சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டுவதே முறை. மாசியில், தளிர் வருமுன் வெட்டலாம். பல துளிர்கள் வந்தால் நேரான ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். அப்போதுதான் கடைசலுக்கு ஏற்ற நேரான கட்டை கிடைக்கும்.

பூவும் காயும் உள்ள மரங்கள் அனைத்தையும் ஒரே ஆண்டில் வெட்டிவிட்டால் அக்கம்பக்கத்துக் கரட்டில் விழ விதை இருக்காது. வரப்பில் நான்கு மரம் நின்றால், ஒன்றையாவது விதைக்கென்று விட்டுவைப்பது விவசாயிக்குச் செலவில்லாத காரியம். அடுத்த தலைமுறைக்கான கன்றுகளை அந்த ஒரு மரமே கொடுத்துவிடும்.