விரிசல் விட்ட அடுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாங்கியிருக்கும் பழைய நேரோபோட் என்ற குறுகலான கால்வாய்ப் படகில் அடுப்புக் கதவை மூடிய பிறகும் தணல் அடங்காமல் எரிகிறது, விடிந்தால் அறைக்குள் புகைவாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தாய். பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்பது உன் கேள்வி. அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்த நேரத்திலிருந்து அந்த அடுப்பை மூட்டாதே. இங்கிலாந்தின் குளிர் எனக்குத் தெரியும். இரண்டு நாள் கம்பளிக்குள் இரு.

ஏழடி அகலம்கூட இல்லாத இரும்புக் கூட்டுக்குள் நீ தூங்குகிறாய். அடுப்பிலிருந்து கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக அது ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலியும் குமட்டலும்தான் வரும். சளிக்காய்ச்சல் என்று நினைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் எழுந்திருப்பதில்லை. தங்கும் வசதியுள்ள படகுகளில் இதற்கான அலாரம் 2019 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். உன் படகில் அது இருக்கிறதா, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பார். கதவிலும் கூரையிலும் உள்ள காற்றுத் துளைகளைக் குளிருக்குப் பயந்து யாராவது துணி வைத்து அடைத்திருந்தால் பிடுங்கி எறி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பாதுகாப்புச் சோதனையில் படகு தேறிவிட்டது என்பதை மட்டும் நம்பி இருக்காதே.

அடுப்பு நன்றாக ஆறியதும் சாம்பலை அள்ளிவிட்டு, பக்கத்துத் தீச்செங்கற்களையும் மேலே புகையை மறிக்கும் தகட்டையும் வெளியே எடு. இவையும், கரியைத் தாங்கும் கிராதியும், கதவிடுக்கை அடைக்க அதைச் சுற்றிப் பதித்த கயிறும் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. செங்கல்லில் மயிரிழை விரிசல் இருந்தால் பரவாயில்லை; உதிர்ந்தால் மாற்று. தகடு வளைந்திருந்தால் யாரோ அடுப்பை அளவுக்கு மீறி எரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

தணல் அடங்காததற்கு முதல் சந்தேகம் அந்தக் கயிற்றின் மேல்தான். ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. கதவின் நான்கு பக்கமும் இப்படிச் சோதி. பழைய கயிற்றைப் பிடுங்கிப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பசை தடவிப் புதுக் கயிற்றை இழுக்காமல் பதிய வை, இழுத்தால் மெலிந்துவிடும். இரவு முழுக்கக் காயட்டும். மிகப் பழைய அடுப்பாக இருந்தால் அந்தக் கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அப்படித் தோன்றினால் தொடாதே, தெரிந்தவரைக் கூப்பிடு.

கயிற்றோடு முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் புகைவாடை என்கிறாயே, அதுதான் என்னை உறுத்துகிறது. இருட்டில் விளக்கை அடுப்புக்குள் வைத்து வெளியிலிருந்து பார். கால்வாயில் நீர்மட்டம் மாற்றும் லாக்கின் சுவரில் படகு இடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிர்ச்சி அடுப்பின் தலையில் புகைபோக்கி சேரும் வளையத்துக்கும் போகிறது. அங்கே பூசிய ஃபயர் சிமெண்ட் மட்டும் விண்டிருந்தால் சுரண்டி எடுத்து மறுபடி பூசலாம். வளையமே வெடித்திருந்தால் புது வளையம் போடு. வார்ப்பிரும்பு உடலிலேயே விரிசல் இருந்தால் பழுது பார்க்கும் பேச்சே வேண்டாம். அதன் மேல் சிமெண்ட் பூசி விற்பவர்களும் உண்டு. சூடேறி விரியும்போது அது மீண்டும் திறந்துகொள்ளும்.

புதிது வாங்கினால் உதிரிபாகம் எளிதாகக் கிடைக்கும் அடுப்பாகப் பார்த்து வாங்கு. 1853இல் தொடங்கிய டென்மார்க்கின் மோர்சோ நிறுவனத்தின் ஸ்குவிரல் 1410 பல படகுகளில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பெரிய அடுப்புக்கு ஆசைப்படாதே. சிறிய அறையில் அதை எப்போதும் அடக்கியே வைக்க வேண்டிவரும். அரைகுறையாக எரியும் விறகு புகைபோக்கியில் கீலாகப் படியும். பொருத்துபவர் வீட்டு அடுப்பு மட்டும் தெரிந்தவராக இருந்தால் போதாது. சிறு படகுகளுக்கென்றே பிஎஸ் 8511 என்ற நெறிமுறை 2010இல் வந்தது. மரப்பலகைக்கும் அடுப்புக்கும் இடைவெளி, அடுப்பின் கீழ்த்தளம், கூரையைப் புகைபோக்கி துளைக்கும் இடம் எல்லாம் அதன்படி இருக்க வேண்டும் என்று கேள்.

விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விறகையும் நிலக்கரியையும் சேர்த்து எரிக்காதே. கரியிலுள்ள கந்தகமும் விறகின் ஈரமும் சேர்ந்து அமிலமாகிக் குழாயை அரிக்கும். எடுத்த சாம்பலை அறைக்குள் வைக்காதே, அதிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும்.

புது அடுப்போ புதுப் பூச்சோ, முதலில் சிறு தீயாகவே மூட்டு. பெயிண்ட் வாடை போகும்வரை கதவு ஜன்னல் திறந்திருக்கட்டும். பழைய அடுப்பின் பின்புறத் தகட்டில் பெயரும் எண்ணும் இருந்தால் படம் எடுத்து அனுப்பு. விளக்கு வைத்துப் பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதையும் எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா