களவும் மதுவும்: இளையோரும் சட்டமும்

மதுக்கடையில் புட்டி களவாடும் சிறுவன் பஞ்சசீலத்தின் இரண்டாவதையும் ஐந்தாவதையும் ஒருங்கே மீறத் துணிகின்றான். அவனைச் சட்டம் எங்ஙனம் நடத்தும்? அந்தமான் கராச்சர்மாவிலும் நாடெங்கும் உள்ள சட்டமே செல்லும்.

சாதாரணக் களவுக்கு மூன்றாண்டு வரை சிறையுண்டு. ஆயினும் 18 வயது நிரம்பாதவனை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமே ஆளும். அவனைச் சிறையிலோ காவல் நிலைய அறையிலோ அடைத்தலாகாது. 24 மணி நேரத்துள் இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தல் வேண்டும். குழுமம் அறிவுரை கூறி விடுக்கலாம். சமூகத் தொண்டு பணிக்கலாம். பெற்றோரை அபராதம் கட்டச் செய்யலாம். சிறப்பு இல்லத்துக்கும் அனுப்பலாம். சிறுவனுக்கு மது கொடுக்கும் பெரியோருக்கோ ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்!

சிறுவனைத் திருத்தவும், கெடுப்போரை ஒறுக்கவும் சட்டம் கருதுகின்றது. ஆதலின் பிள்ளை பிடிபடின் மறைத்தலும் அடித்தலும் வேண்டா. உடன் சென்று குழுமத்தின்முன் நிற்போமாக. நம் இல்லத்தில் புட்டி இல்லாமையே முதற் காவல்.