அம்மாவின் காலுறை



என் அம்மா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். காலையிலிருந்து இரவு வரை நின்றபடிதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் "கால் கடுக்குது பாப்பா" என்பார். ஒருநாள் தைலம் தேய்க்கும்போதுதான் பார்த்தேன். கெண்டைக்காலில் நீலமாக, புழு மாதிரி நரம்பு சுருண்டு கிடந்தது. சேலை மறைத்ததால் எங்களுக்குத் தெரியவே இல்லை.

ஊரில் இதை நரம்புச் சுருட்டல் என்பார்கள். உண்மையில் அது நரம்பு இல்லை, சிரை என்னும் ரத்தக்குழாய். காலில் உள்ள ரத்தம் இதயத்துக்கு மேலே ஏற வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் போல ரத்தத்தை மேலே தள்ளும். நின்றுகொண்டே இருந்தால் அந்த பம்ப் சரியாக ஓடாது. வால்வு பழுதானால் ரத்தம் தேங்கி சிரை வீங்கும்.

இதற்குத்தான் அழுத்தக் காலுறை. கணுக்காலில் இறுக்கம் அதிகம், மேலே போகப்போகக் குறைவு. அமெரிக்காவில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளர் 1950 வாக்கில் இதை உருவாக்கினார். அவருக்கும் இதே நோய்தான். நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். ஆழம் கூடினால் நீரின் அழுத்தம் கூடும் என்று நாமும் அறிவியல் பாடத்தில் படித்தோமே, அதேதான்!

முதலில் நாங்கள் அளவு பார்க்காமல் ஒரு ஜோடி வாங்கிவிட்டோம். நீளமாக இருந்ததால் அம்மா மேலே மடித்துவிட்டார். சாயங்காலம் முழங்காலுக்குக் கீழே கயிறு கட்டியது போல் தடம், பாதம் வீக்கம். "எனக்கு இது ஒத்துக்கல" என்று பெட்டியில் போட்டுவிட்டார். பிறகு டாக்டரிடம் காட்டினோம். தப்பு காலுறையில் இல்லை, எங்களிடம்தான் என்று புரிந்தது.

வாங்கும்போது:
1. காலையில், கால் வீங்கும் முன் அளவெடுக்க வேண்டும். கணுக்கால் எலும்புக்கு மேல் மெல்லிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தரையிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை உயரம்.
2. அட்டையில் 20-30 என்று இருந்தால் அது சைஸ் இல்லை. பாதரச மி.மீ. கணக்கில் அழுத்தம். எது வேண்டும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.
3. காலின் தமனியில் அடைப்பு உள்ளவர்களும், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும் தாமாகப் போடக் கூடாது. "எனக்கும் ஒண்ணு வாங்கு" என்ற பாட்டிக்கு அதனால்தான் வாங்கவில்லை.

போடும்போது:
1. எழுந்து நடமாடும் முன்பே போட வேண்டும். கால் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். எண்ணெய், தைலமெல்லாம் இரவில்தான்.
2. மோதிரம், மெட்டியைக் கழற்றவும். நகம் பட்டால் கிழியும்.
3. குதிகால் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பாதத்தை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றவும். சுருக்கம் கூடாது. மேலே மடிக்கவே கூடாது.
4. டாக்டர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் இரவில் கழற்றிவிடலாம். விரல் நீலமானாலோ மரத்தாலோ உடனே கழற்றவும்.

துவைக்கும்போது: மிதமான சோப்பு போதும். வெந்நீர், பிளீச்சிங் வேண்டாம். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அமுக்கி, நிழலில் காயப்போடவும். ஆறு மாதம் வாக்கில் இறுக்கம் தளர்ந்துவிடும். அப்போது புதிது வாங்க வேண்டும்.

இப்போது தினமும் காலையில் நான்தான் அம்மாவுக்குப் போட்டுவிடுகிறேன். வீக்கம் குறைந்திருக்கிறது. ஆனால் சுருண்ட சிரையைக் காலுறை குணமாக்காது. நடுநடுவே உட்காரவும் வேண்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத் திருத்தமே வந்தது. "எல்லாரும் நிக்கும்போது எப்படி உக்கார்றது?" என்கிறார் அம்மா. "சட்டமே சொல்லுதும்மா, உக்காரு" என்றேன். நேற்று இரண்டு தடவை உட்கார்ந்தாராம்!

நம் ஆசிரியர்களும் நின்றேதான் பாடம் நடத்துகிறார்கள். உங்கள் வீட்டிலும் நின்று வேலை செய்பவர்கள் இருப்பார்கள். இன்று இரவு அவர்கள் காலை ஒருமுறை பாருங்கள்.



- 9ஆம் வகுப்பு மாணவி