மெதுவாக ஓடிய மடிக்கணினி

கர்நாடக மாநிலத்தில் கோலார் தங்கவயல் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே பூமிக்கு அடியில் தங்கம் வெட்டினார்கள். சுரங்க வேலைக்காகத் தமிழ்க் குடும்பங்கள் அங்கே போயின. பல தலைமுறைகளாக அங்கேயே வாழ்கின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு பலர் வேலைக்குப் பெங்களூர் போகிறார்கள். விடியும் முன் ரயில் ஏறுகிறார்கள். இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள்.

சாந்தியின் கணவரும் அப்படித்தான் போகிறார். சாந்தி வீட்டில் துணி தைக்கிறார். மகள் கவிதா கல்லூரியில் பி.காம். படிக்கிறாள்.

சாந்தி சிறு வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. நாற்பது வயதில்தான் மாலை வகுப்பில் சேர்ந்தார். இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். தையல் கணக்கைத் தானே நோட்டில் எழுதுகிறார்.

வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. கணவர் பெங்களூரில் பழையதாக வாங்கி வந்தது. கவிதாவின் படிப்பு அதில்தான் நடக்கிறது.

கடைசி நாள்

கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட வேண்டும். மறுநாள்தான் கடைசி நாள். அந்தப் பணம் வந்தால்தான் அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்ட முடியும்.

கவிதா மடிக்கணினியைத் திறந்தாள். அது விழிக்கவே நெடுநேரம் ஆனது. சாந்தி டீ போட்டார். இருவரும் குடித்து முடித்தார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் நிரப்பினாள். மறுபடியும் வட்டம் சுற்றியது.

திடீரென்று திரை முழுவதும் சிவப்பாக மாறியது. ஆங்கிலத்தில் ஏதோ வந்தது.

"என்ன எழுதியிருக்கிறது?" என்று சாந்தி கேட்டார்.

"கணினியில் வைரஸ் இருக்கிறதாம் அம்மா. அதனால்தான் மெதுவாக ஓடுகிறதாம். இந்த எண்ணுக்கு உடனே பேசச் சொல்கிறது."

கவிதா பயந்துபோனாள். அந்த எண்ணுக்குப் பேசினாள். ஒருவர் அன்பாகப் பேசினார். "2,500 ரூபாய் கட்டினால் பத்து நிமிடத்தில் வேகமாக்கித் தருகிறேன். உங்கள் போனுக்கு ஓ.டி.பி. எண் வரும். அதைச் சொல்லுங்கள்" என்றார்.

சாந்தியின் காதில் அது விழுந்தது. மாலை வகுப்பில் படித்த பாடம் அவருக்கு நினைவு வந்தது. ஓ.டி.பி. எண்ணை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அந்தப் பாடத்தில் இருந்தது. அந்த வரியை அவர் மூன்று முறை எழுத்துக்கூட்டிப் படித்திருந்தார்.

"சொல்லாதே! போனை வை" என்றார்.

கவிதா போனை வைத்தாள். ஆனால் திரை அப்படியே சிவப்பாக நின்றது. மணி எட்டரை ஆகிவிட்டது. கவிதாவுக்கு அழுகை வந்தது.

சேகர் வந்தார்

அடுத்த வீட்டுச் சேகர் பெங்களூரில் கணினி பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறார். ஒன்பது மணி ரயிலில் வந்து இறங்கினார். சாந்தி வாசலிலேயே நின்றிருந்தார்.

"தம்பி, கொஞ்சம் வந்து பாருங்கள். பிள்ளைக்கு நாளை கடைசி நாள்" என்றார்.

சேகர் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். நடந்ததைக் கேட்டார்.

"நல்ல வேலை செய்தீர்கள் அக்கா. இது ஏமாற்று வேலை. விண்டோஸ் காட்டுகிற உண்மையான எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருக்காது. வேறு ஏதாவது ஆப்பை இறக்கச் சொன்னார்களா?"

"இல்லை மாமா. அதற்குள் அம்மா நிறுத்திவிட்டார்கள்."

"சரி. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பொத்தானையும் சேர்த்து அமுக்கு."

ஒரு பட்டியல் வந்தது. அதன் பெயர் டாஸ்க் மேனேஜர். கணினியில் இப்போது என்னென்ன ஓடுகிறது என்று அது காட்டும். இணையம் பார்க்கும் பிரவுசரை அதில் தேர்ந்தெடுத்து, 'எண்ட் டாஸ்க்' கொடுத்தாள் கவிதா. சிவப்புத் திரை மறைந்தது.

"கடைசியாக இதை எப்போது அணைத்தாய்?" என்று சேகர் கேட்டார்.

"தினமும் மூடித்தான் வைக்கிறேன் மாமா."

"மூடினால் அது தூங்கும். அணையாது. 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் சிலவற்றை மறுநாளுக்கு எடுத்து வைத்துக்கொள்ளும். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். வாரம் ஒரு முறையாவது அதைச் செய்."

மேசையும் அலமாரியும்

கணினி மறுபடி தொடங்க நேரம் ஆனது. "ஏன் தம்பி இவ்வளவு மெதுவாக ஓடுகிறது?" என்று சாந்தி கேட்டார்.

சேகர் தையல் மேசையைக் காட்டினார்.

"இந்த மேசையில் பத்துப் பேர் துணியைக் குவித்தால் என்ன செய்வீர்கள் அக்கா?"

"தைக்க இடம் இருக்காது. சிலதை எடுத்து அலமாரியில் வைப்பேன். வேண்டும்போது திரும்ப எடுத்து வருவேன்."

"அலமாரிக்கு நடந்து நடந்தே நேரம் போய்விடும், இல்லையா? கணினியிலும் ஒரு மேசை இருக்கிறது. அதற்கு ராம் என்று பெயர். இப்போது செய்கிற வேலை அதில் இருக்கும். அலமாரியும் இருக்கிறது. அதுதான் டிஸ்க். படம், பாடம், கணக்கு எல்லாம் அதில் இருக்கும். தைக்கிற ஆள்தான் பிராசசர். இந்தக் கணினியில் மேசை சின்னது. 4 ஜி.பி. ராம்தான். அது நிறைந்தால் டிஸ்கில் வைத்து வைத்து எடுக்கிறது. ஆள் கெட்டிக்காரர்தான். இடம்தான் இல்லை."

"எங்கள் பிள்ளை மேசையை நிரப்பிவிட்டாளா?"

கவிதா சிரித்தாள். பிரவுசரில் அவள் 27 பக்கங்களைத் திறந்து வைத்திருந்தாள். ஒவ்வொரு பக்கமும் மேசையில் இடம் பிடிக்கும்.

கணினி தொடங்கியது. சேகர் மறுபடியும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னார். அதில் 'ஸ்டார்ட்அப்' என்று ஒரு பகுதி உண்டு. கணினி தொடங்கும்போதே தானாக ஓடும் ஆப்புகள் அதில் இருக்கும். பாட்டு ஆப், விளையாட்டு ஆப், எப்போதோ ஒரு முறை பயன்படுத்திய வீடியோ ஆப் எல்லாம் இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து 'டிஸேபிள்' கொடுத்தாள் கவிதா.

"இதனால் ஆப் அழியாது. வேண்டும்போது நீயே திறக்கலாம். தானாக ஓடாது, அவ்வளவுதான். ஆனால் வைரஸ் பாதுகாப்பைத் தொடாதே. பெயர் தெரியாததையும் தொடாதே" என்றார் சேகர்.

மீண்டும் ஒரு முறை ரீஸ்டார்ட் செய்தார்கள். இப்போது முன்பைவிடச் சீக்கிரம் திறந்தது. கவிதா விண்ணப்பப் பக்கத்தை மட்டும் திறந்தாள். மற்ற எதையும் திறக்கவில்லை. இரவு பத்தே முக்காலுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

விண்ணப்ப எண்ணை மகள் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். சாந்தி அதைத் தையல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை

மீதி வேலையை ஞாயிற்றுக்கிழமை செய்தார்கள்.

*அலமாரியைக் காலி செய்தல்.* 'திஸ் பி.சி.'யைத் திறந்தால் டிஸ்க் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ஒரு கோடு காட்டும். இடம் மிகக் குறைந்தால் கோடு சிவப்பாகும். இவர்கள் கோடு சிவப்பாக இருந்தது. கல்யாண வீடியோவும் பழைய சினிமாக்களும் நிறைய இருந்தன. கல்யாண வீடியோவை முதலில் பென் டிரைவில் ஏற்றினார்கள். அது அங்கே ஓடுகிறதா என்று பார்த்தார்கள். பிறகுதான் கணினியிலிருந்து அழித்தார்கள். 'ரீசைக்கிள் பின்' என்ற குப்பைத் தொட்டியையும் காலி செய்தார்கள். அழித்தது அதில்தான் கிடக்கும். அதைக் காலி செய்யாமல் இடம் கிடைக்காது.

அடுத்து 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று வரிசையாகப் போனார்கள். அங்கே 'டெம்பரரி ஃபைல்ஸ்' இருந்தது. இவை கணினி தற்காலிகமாக வைத்த குப்பைகள். இவற்றை அழிக்கலாம். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒன்று இருக்கும். கவிதாவின் சான்றிதழ்கள் அதில்தான் இருந்தன. அதில் டிக் போடாமல் விட்டார்கள்.

டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால் நல்லது.

*இரண்டு காவலர்கள்.* கணினியில் இரண்டு வைரஸ் தடுப்பு ஆப்புகள் இருந்தன. அதில் ஒன்று காலாவதி ஆனது. இரண்டு இருந்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று கவிதா நினைத்திருந்தாள். இரண்டும் ஒரே கோப்பை மாறி மாறிச் சோதிக்கும். அதனால் வேகம் குறையும். ஒன்று போதும். காலாவதி ஆனதை 'செட்டிங்ஸ்', 'ஆப்ஸ்' வழியாக நீக்கினார்கள். மற்றதைக் கொண்டு முழுச் சோதனை செய்தார்கள்.

*சூடும் தூசியும்.* மடிக்கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றினார் சேகர். அதைத் திருப்பிக் காட்டினார். காற்றுப் போகும் துளைகளில் பஞ்சும் நூலும் அடைத்திருந்தன. எல்லாம் தையல் துணியின் நூல்தான். கவிதா அதை மெத்தைமேல் வைத்துப் படிப்பாள். அதுவும் துளையை அடைத்தது. காற்றுப் போகாவிட்டால் கணினி சூடாகும். சூடு அதிகமானால் அது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும்.

சேகர் மென்மையான தூரிகையால் வெளித் தூசியைத் தட்டினார். தண்ணீர் படவில்லை. "உள்ளே திறந்து துடைப்பதைக் கடையில் செய்யலாம். இனி பலகைமேல் வைத்துப் படி" என்றார்.

புதிது வாங்க வேண்டுமா?

"இனிப் புதிதுதான் வாங்க வேண்டுமா தம்பி?" என்று சாந்தி கேட்டார்.

"அவசரப்படாதீர்கள் அக்கா. இதில் இருப்பது பழைய வகை ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு சுற்றும். நிமிடத்துக்கு 5,400 சுற்று. அது சுற்றி வந்து தேடி எடுக்க வேண்டும். இப்போது எஸ்.எஸ்.டி. என்று ஒன்று வருகிறது. அதில் சுற்றுகிற பாகமே இல்லை. கேட்டதும் எடுத்துத் தரும். பழைய மடிக்கணினிக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ராமையும் கூட்ட முடிந்தால் கூட்டலாம். சில மடிக்கணினியில் கூட்ட முடியாது. கடையில் முதலில் கேளுங்கள். இரண்டு கடையில் விலை கேளுங்கள். கொடுக்கும் முன் உள்ளே இருப்பதையெல்லாம் நகல் எடுத்து வையுங்கள்."

இன்னொன்றும் சொன்னார். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. எனவே தங்கள் மடிக்கணினியில் இருப்பது எந்த விண்டோஸ் என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்றும் பார்க்க வேண்டும். ஏற்காவிட்டால், புதிதாக ஒன்று வாங்க மெல்லப் பணம் சேர்க்கலாம்.

தீபாவளித் தையல் முடிந்தது. சாந்தி சேர்த்த பணத்தில் எஸ்.எஸ்.டி. போட்டார்கள். இப்போது டீக்குத் தண்ணீர் வைக்கும் முன்பே மடிக்கணினி திறந்துவிடுகிறது. அது பழையதுதான். ஆனால் வேலைக்குக் குறைவில்லை.

கவிதா அதில் அம்மாவின் தையல் கணக்கையும் ஏற்றியிருக்கிறாள். மாலையில் சாந்தி தன் பெயரைத் தானே தட்டெழுதிப் பார்க்கிறார்.

நினைவில் வையுங்கள்

1. கணினி மெதுவானால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.
2. தேவையில்லாத பக்கங்களையும் ஆப்புகளையும் மூடுங்கள்.
3. தானாகத் தொடங்கும் ஆப்புகளைக் குறையுங்கள்.
4. நகல் எடுத்த பிறகு அழியுங்கள். பிறகு குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள்.
5. வைரஸ் தடுப்பு ஆப் ஒன்று போதும்.
6. காற்றுத் துளையை மூடாதீர்கள்.
7. திரையில் வரும் எண்ணுக்குப் பேசாதீர்கள். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லாதீர்கள். பணத்தை இழந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. சாந்தி ஏன் "போனை வை" என்றார்?
2. தையல் மேசைக்கும் ராமுக்கும் என்ன ஒற்றுமை?
3. 'டவுன்லோட்ஸ்' என்பதில் ஏன் டிக் போடவில்லை?
4. உங்கள் வீட்டுப் போனும் மெதுவாக ஓடுகிறதா? இந்தப் பாடத்தில் உள்ள எந்த வழி அதற்கும் பொருந்தும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்

1. மடிக்கணினியை மூடினால் அது ________. அணையாது.
2. சூடு அதிகமானால் கணினி தன் ________ குறைக்கும்.
3. சுற்றும் பாகம் இல்லாத டிஸ்க்கின் பெயர் ________.
4. பண மோசடி நடந்தால் பேச வேண்டிய எண் ________.