அமெரிக்க வரிப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: நான் கரூரில் வசிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலிருந்தே ஆன்லைனில் வேலை செய்கிறேன். ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பேன், வீடியோக்களுக்கு சப்டைட்டில் போடுவேன். வேலை கொடுப்பவர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். மாதம் 35,000 ரூபாய் வரை வருகிறது. இப்போது அந்தத் தளம், 'டபிள்யூ-8பென்' என்ற படிவத்தை நிரப்பாவிட்டால் பணம் எடுக்க முடியாது என்கிறது. பான் எண் கேட்கிறார்கள். பொய் சொன்னால் தண்டனை என்று கடைசியில் எழுதியிருக்கிறது. என் கொழுந்தனார் யூடியூப் சேனல் நடத்துகிறார். அவர் வருமானத்தில் அமெரிக்க வரி பிடிக்கிறார்கள். எனக்கும் 30 சதவீதம் போய்விடுமா? யாரோ ஒரு அமெரிக்கரின் கணக்கை வாடகைக்கு எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லை, கூலியும் அதிகம் என்று டெலிகிராம் குழுவில் ஒருவர் சொல்கிறார். என் கணவர் பயந்துபோய் வேலையையே விட்டுவிடச் சொல்கிறார். நான் என்ன செய்யட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேலையை விட வேண்டாம், சகோதரி. படிவத்தை உண்மையாக நிரப்பிக் கொடுங்கள். கரூரில் உட்கார்ந்து நீங்கள் செய்யும் வேலைக்கு அமெரிக்க அரசு வரி கேட்காது. அதைச் சொல்வதற்காகத்தான் அந்தப் படிவமே இருக்கிறது.

அமெரிக்க நிறுவனம் ஒன்று யாருக்குப் பணம் கொடுத்தாலும், வாங்குபவர் அமெரிக்கரா வெளிநாட்டவரா என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டுச் சட்டம் அப்படி. அமெரிக்கர் என்றால் டபிள்யூ-9 என்ற படிவம். அதைக் கொடுத்தவரின் வருமானம் 1099 வகைப் படிவங்கள் மூலம் ஐஆர்எஸ் எனப்படும் அவர்களுடைய வரித் துறைக்குப் போகும். வெளிநாட்டுத் தனிநபர் என்றால் டபிள்யூ-8பென். "நான் அமெரிக்கக் குடிமகள் அல்ல, அங்கே வசிப்பவளும் அல்ல, இந்தப் பணம் எனக்கு உரியது" என்று நீங்கள் கொடுக்கும் உறுதிமொழி அது. பணம் கொடுப்பவரிடமே அது கோப்பில் இருக்கும், வரித் துறைக்கு நீங்கள் அனுப்ப வேண்டியதில்லை. கொடுக்காமல் இருந்தால்தான் சிக்கல். நீங்கள் யார் என்று தெரியாத நிலையில், அமெரிக்கராக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு 24 சதவீதம் பிடித்து வைக்க அங்கே விதி உண்டு. பல தளங்கள் அந்த வம்பே வேண்டாம் என்று பணத்தையே நிறுத்திவிடுகின்றன. உங்களுக்கு நடந்திருப்பது அதுதான்.

30 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நிறைய. அந்த விகிதம் நிஜம்தான். ஆனால் அது அமெரிக்காவில் விளையும் சில வகை வருமானத்துக்கு மட்டும் உரியது. உடல் உழைப்போ மூளை உழைப்போ, வேலைக்கான கூலி எந்த நாட்டில் விளைகிறது என்பதற்கு அமெரிக்கச் சட்டத்தில் ஒரே அளவுகோல்தான்: வேலை எங்கே உட்கார்ந்து செய்யப்பட்டது? காசு கொடுத்தவர் கலிஃபோர்னியாவில் இருக்கலாம், தளத்தின் தலைமையகம் நியூயார்க்கில் இருக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்யும் இடம் கரூர். ஆகவே உங்கள் கூலி அவர்கள் சட்டப்படியே வெளிநாட்டு வருமானம், பிடித்தம் கிடையாது.

உங்கள் கொழுந்தனார் விஷயம் வேறு. யூடியூப் கொடுக்கும் பணத்தை கூகுள் நிறுவனம் ராயல்டியாகக் கருதுகிறது. ராயல்டிக்கு அளவுகோல், அந்தப் படைப்பு எங்கே பயன்படுகிறது என்பது. அவர் வீடியோ எடுத்தது கரூரில் என்றாலும் டெக்சாஸில் ஒருவர் பார்த்தால், அந்தப் பார்வைக்கான காசு அமெரிக்காவில் விளைந்தது ஆகிவிடும். 2021 ஜூன் முதல் இப்படிப் பிடிக்கிறார்கள். இந்தியாவும் அமெரிக்காவும் 1989-இல் கையெழுத்திட்ட இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 12-ஆவது பிரிவைக் காட்டி, பான் எண்ணோடு படிவம் கொடுத்தவருக்கு அது 15 சதவீதமாகக் குறைகிறது. அதுவும் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த பங்குக்கு மட்டும். படிவமே கொடுக்காத தனிநபருக்கு உலகம் முழுவதும் வந்த மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை போய்விடும். ஆகவே அவரும் படிவத்தைச் சரியாகக் கொடுத்திருக்கிறாரா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அமேசான் கிண்டிலில் புத்தகம் வெளியிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். பிடித்த வரிக்கு வருடம் முடிந்ததும் 1042-எஸ் என்ற சான்று வரும், அதைப் பத்திரப்படுத்த வேண்டும். அதைக் காட்டி இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதில் ஒரு வருத்தமான உண்மையும் இருக்கிறது. அந்த வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி விழுகிறதோ அந்த அளவுக்குத்தான் கழிவு கிடைக்கும். இந்தியாவில் வரியே இல்லாத அளவுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு, அங்கே பிடித்த 15 சதவீதம் போனதுதான். சிறிய சேனல் நடத்துகிறவர்களை இது அதிகம் பாதிக்கிறது, எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

இனி படிவத்துக்கு வருவோம். ஒரே பக்கம்தான், ஆனால் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாக மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது பெயர். நமக்கு இனிஷியல் வழக்கம். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து பின்னால் நிற்கும், தளத்தில் கணவர் பெயரைச் சேர்த்துப் பதிந்திருப்போம். பான் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். தளத்தில் உள்ள பெயரையும் அதற்கேற்ப முதலில் திருத்திவிடுங்கள். இரண்டாவது பிறந்த தேதி. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். 1994 ஏப்ரல் 7-இல் பிறந்தவர் 04-07-1994 என்று எழுத வேண்டும். நம் பழக்கத்தில் 07-04 என்று எழுதினால் ஜூலையில் பிறந்தவர் ஆகிவிடுவீர்கள், பான் விவரத்தோடு பொருந்தாது. மூன்றாவது முகவரி. நிரந்தர முகவரியில் தபால் பெட்டி எண் கூடாது, இன்னாருடைய மேற்பார்வை என்று பொருள்படும் 'கேர் ஆஃப்' முகவரியும் கூடாது. ஆதார் அட்டையில் அப்படி அச்சாகியிருப்பதைப் பார்த்து அப்படியே எழுதிவிடுகிறார்கள். கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு போதும்.

வரி எண் கேட்கும் கட்டங்கள் இரண்டு இருக்கும். ஒன்று அமெரிக்க எண்ணுக்கு, உங்களிடம் அது இல்லை, காலியாக விடுங்கள். மற்றது வெளிநாட்டு வரி எண்ணுக்கு. நமக்கு அது பான். பான் கொடுப்பதால் உங்கள் வங்கிக் கணக்கில் யாரும் கைவைக்க முடியாது. ஆதார் எண் இந்தப் படிவத்துக்குத் தேவையே இல்லை, கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒப்பந்தச் சலுகை கேட்கும் இரண்டாம் பகுதி ராயல்டி போன்றவற்றுக்குத்தான் வேலைக்கு வரும். உங்கள் கூலிக்கு அமெரிக்க வரியே இல்லை என்பதால் சலுகை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொய் சொன்னால் தண்டனை என்ற வரி, நம் ஊரில் அபிடவிட்டின் கடைசியில் வரும் உறுதிமொழியைப் போன்றது. உண்மை எழுதுகிறவரை அது தொடாது. எழுத்துப் பிழைக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை, திருத்தித் திரும்பக் கொடுத்தால் முடிந்தது. தெரிந்தே பொய் சொல்பவருக்குத்தான் அந்த வரி.

அதனால்தான் டெலிகிராம் குழுவின் யோசனையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். இன்னொருவர் கணக்கில், அவர் பெயரில், அவர் கடவுச்சொல்லைப் போட்டு வேலை செய்வது ஆள்மாறாட்டம். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 66சி, 66டி பிரிவுகள் இரண்டிலும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அமெரிக்கர் என்று வரிப் படிவத்தில் நீங்களே பொய்க் கையெழுத்துப் போட்டால் அந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம். சட்டத்தை விடுங்கள், உங்கள் காசைப் பாருங்கள். வாடகைக் கணக்கில் செய்த வேலைக்கான பணம் முதலில் போவது அந்தக் கணக்குக்காரர் கைக்கு. அவர் பங்கு பிரித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு மறைந்துபோனால் எந்த நீதிமன்றத்தில் கேட்பீர்கள்? சட்ட விரோத நோக்கத்துக்காகப் போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 23-ஆவது பிரிவு சொல்கிறது. மாதக்கணக்கில் கண் விழித்துச் செய்த வேலை முழுவதும் போய், புகார் கொடுக்கவும் முடியாமல் நிற்கும் பெண்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க வரியைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் பலர், உள்ளூர் வரியை மறந்துவிடுகிறார்கள். டாலரில் வருகிற பணத்துக்கு இந்தியாவில் கணக்குக் காட்ட வேண்டாம் என்றோ, படிவம் கொடுத்துவிட்டதால் வரி கட்டியாகிவிட்டது என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. இந்தியாவில் குடியிருப்பவர் உலகில் எங்கிருந்து சம்பாதித்தாலும் அதற்கு இங்கே வரிக் கணக்கு உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்தாலும் இந்த அடிப்படை மாறவில்லை.

பயப்படாதீர்கள், உங்கள் நிலையில் கட்ட வேண்டிய தொகை இருக்காது. மாதம் 35,000 என்றால் ஆண்டுக்கு 4,20,000. புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு, மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருக்கும் குடியிருப்பாளருக்குத் தள்ளுபடி போக வரி இல்லை. வரி இல்லை என்பது வேறு, கணக்குத் தாக்கல் செய்வது வேறு. அடிப்படை விலக்கு வரம்பான 4 லட்சத்தைத் தாண்டினால் தாக்கல் செய்வது கட்டாயம். இன்டர்நெட், மின்சாரம், லேப்டாப் தேய்மானம் ஆகியவற்றைக் கழித்தால் நீங்கள் வரம்புக்குக் கீழே வரக்கூடும். அப்படி வந்தாலும் தாக்கல் செய்யுங்கள் என்பதே என் ஆலோசனை. நாளை வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனால், சம்பளச் சீட்டு இல்லாத உங்களுக்கு அதுதான் வருமானச் சான்று.

இதில் இரண்டு எச்சரிக்கை. ஃப்ரீலான்சர் யாராக இருந்தாலும் 44ஏடிஏ பிரிவில் பாதி வருமானத்தைக் காட்டினால் போதும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அந்தப் பிரிவு மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை போன்ற குறிப்பிட்ட தொழில்களுக்கானது. ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் வேலை எதில் அடங்கும் என்பதை வங்கி அறிக்கையோடு ஒரு ஆடிட்டரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். இன்னொன்று, வரவு என்பது வங்கிக்கு வந்து சேர்ந்த தொகை மட்டும் அல்ல. தளம் பிடித்துக்கொண்ட கமிஷனையும் சேர்த்த மொத்தத்தை வரவாகக் காட்டி, கமிஷனைச் செலவாக எழுத வேண்டும். வெளிநாட்டில் உங்கள் பெயரில் ஏதாவது கணக்குத் திறந்து அதில் டாலரை விட்டு வைத்திருந்தால் அதையும் ஆடிட்டரிடம் மறைக்காதீர்கள். வெளிநாட்டுச் சொத்துக்கான அட்டவணையில் அது வர வேண்டும், எளிய ஐடிஆர்-4 படிவம் அப்போது பொருந்தாது.

ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் கிடைத்தால் இதே போன்ற கேள்விகள் அங்கிருந்தும் வரும். 2023 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைன் தளங்கள் விற்பவர் விவரத்தை வரித் துறைக்குத் தர வேண்டும். அந்த விதி முக்கியமாக அந்நாடுகளில் வசிப்பவர்களைக் குறித்தது. நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் என்று உண்மையைச் சொன்னால் போதும்.

நீங்கள் 2026-இல் எந்த நாளில் கையெழுத்துப் போட்டாலும் டபிள்யூ-8பென் படிவம் 2029 டிசம்பர் 31 வரை செல்லும், பிறகு புதிதாகக் கொடுக்க வேண்டும். இடையில் படிவத்தில் சொன்னது ஏதாவது பொய்யாகும்படி நிலைமை மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் வீட்டுக்குச் சில மாதம் போனால், அங்கிருந்து லேப்டாப்பில் வேலை செய்யாதீர்கள். அங்கே உட்கார்ந்து செய்த வேலையின் கூலி அமெரிக்க வருமானம் ஆகிவிடும், விசா பிரச்சினையும் சேர்ந்துகொள்ளும்.

படிவத்தைத் தளத்துக்குள், உங்கள் கணக்கில் நுழைந்து, வரி விவரம் கேட்கும் பக்கத்தில் மட்டும் நிரப்புங்கள். ஐஆர்எஸ் பெயரில் போலி டபிள்யூ-8பென் படிவம் அனுப்பி பாஸ்போர்ட் எண், வங்கி விவரம், தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர் வரை கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் உண்டு. உண்மையான படிவத்தில் இவற்றுக்கு இடமே கிடையாது. மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அப்படி ஒன்று வந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே விவரம் கொடுத்து ஏமாந்தவர் உங்கள் குழுவில் இருந்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள்.